ஒரு புர்கா, ஒரு ஜட்காத் திரை, ஒரு பயந்தாங்கொள்ளி

அறுபதை எட்டிப் பார்க்கும் என் வயதுக்காரர்களே, உங்களுக்கு இப்போது எதைக் கண்டால் பயம் என்று எனக்குத் தெரியும். ரத்தம் எடுக்க ஊசியோடு வரும் பெண், தெரியாத எண்ணிலிருந்து வரும் போன், சாப்பிடும்போது மகன் காக்கும் மௌனம். எனக்கு இவை எல்லாம் சில்லறைப் பயங்கள். நான் மொத்தமாகப் பயந்து முடித்தது பத்து வயதில். திருத்தணியில் ஒரு ஆனி மாதத்தில் தொடங்கி ஆடிக் கிருத்திகையன்று அது முடிந்தது. முடிந்தது என்றுதான் போன வருஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் என் வீரத்தைச் சொல்லிவிடுகிறேன். வாத்தைக் கண்டால் ஓடுவேன். மலைப் படிக்கட்டுக் குரங்குகளைக் கண்டால் ஓடுவேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள் வரிசையாக ரயிலிலிருந்து இறங்கினால், எல்லாத் தலைகளும் ஒரே ஆள் என்று தோன்றி வியர்க்கும். எங்கள் அப்பா ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜட்கா ஓட்டினார். அந்தக் குதிரை எங்கள் சொந்தக் குதிரை, நான் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்தது. அது கொட்டாவி விட்டால்கூட நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

இப்படிப்பட்டவனைத்தான் எங்கள் வீட்டில் ஆபாவுக்கு ஆண் துணையாக நியமித்தார்கள்.

ஆபா என்றால் அக்கா. அப்பாவை பாவா என்போம். வீட்டில் உருது, தெருவில் தமிழ், சந்தையில் தெலுங்கு. நான் அப்பாவை "பாவா" என்று கூப்பிடுவதைக் கேட்டால் பள்ளிப்பட்டிலிருந்து சந்தைக்கு வரும் தெலுங்குக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் பேச்சில் பாவா என்றால் அக்கா புருஷன். இங்கே எல்லோர் பேச்சையும் தமிழிலேயே எழுதுகிறேன். என் உருதுவைப் பார்த்தால் பயப்பட வேண்டியவர்கள் நீங்களாகிவிடுவீர்கள்.

வயதுக்கு வந்த பெண் தெருவில் இறங்கினால் கூட ஒரு ஆண் வர வேண்டும் என்பது எங்கள் தெருவின் ஏற்பாடு. அந்த ஆணுக்கு என்ன வயது, அவன் டவுசர் இடுப்பில் நிற்கிறதா என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. ஆபாவுக்குப் பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் நாலு மணிக்கு நான் அவளைக் காத்துக்கொண்டு பஜார் வழியாக இன்ஸ்டிட்யூட்டுக்குப் போவேன். நாய் குரைத்தால் அவள் பின்னால் ஒளிந்துகொள்வேன். நாய் போனதும் மறுபடியும் முன்னால் வந்து காப்பேன்.

அந்த ஆடியில் லோயர் பரீட்சை. பாஸ் செய்தால் நெசவாளர் சங்கத்து ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். தவறினால் அடுத்த பரீட்சைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அரக்கோணத்து மாமு தன் மகனுக்கு நிக்காஹ் முடித்து அவளை அழைத்துப் போய்விடுவார். மாமு நல்ல மனுஷன். "பொண்ணுக்கு எதுக்கு வேலை, பாவம், விரல் வலிக்கும்" என்பார்.

ஆபா தலையில் முக்காடு போட்டுக்கொள்வாள். புர்கா போட்டதில்லை. போட வேண்டும் என்று பாவா சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. குதிரையோடு பேசுகிற அளவுக்கு அவர் மனிதர்களோடு பேசமாட்டார்.

சொன்னவர் முத்தவல்லி, பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட பெரியவர். மலையடிவாரத்தில் அவருக்கு வளையல் கடை. இதைக் கொஞ்சம் கவனியுங்கள். அவர் அந்நியப் பெண்ணின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே மாட்டார், அவ்வளவு பேணுதல். ஆனால் மலைக்கு வரும் அத்தனை பெண்களுக்கும் வளையல் போட்டுவிடுவதும் அவர்தான். குனிந்த தலை நிமிராமல், கையை மட்டும் பார்த்து, விரல்களை மடக்கி, கண்ணாடி வளையல் ஒன்றுகூட உடையாமல் ஏற்றிவிடுவார். ஊரில் பாதிப் பெண்களை அவருக்கு முகம் தெரியாது, மணிக்கட்டுத் தெரியும். "ரெண்டே கால் கை", "ரெண்டரைக் கை" என்று வளையல் அளவை வைத்துத்தான் ஆட்களை அடையாளம் சொல்வார். ஒரு தடவை எங்கள் குதிரைக்குக் குளம்பு பழுத்தபோது ராணிப்பேட்டை வரை போய் மருந்து வாங்கி வந்தவரும் இவரேதான். அதனால் அவரை வில்லனாக்கிவிட்டு நான் தப்பிக்க முடியாது.

அவர் கடையைத் தாண்டித்தான் இன்ஸ்டிட்யூட். ஆபா கடந்து போகும்போது தலை குனிந்தபடியே இருப்பார். பின்னால் வரும் என்னை மட்டும் கையசைத்துக் கூப்பிடுவார்.

"ஏ பேட்டா, உன் ஆபா முக்காடு ஒயுங்கா போடுதா?"

"ஆங் ஜி."

"நீதானே கூட போற ஆம்பளை? நாளைக்கு மறுமையில உன்னைத்தான் கேப்பாங்க. நெனப்புல வெச்சிக்கோ."

அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை நானே சேர்த்துக்கொண்டேன். முக்காட்டுக்கு வெளியே தெரியும் ஒவ்வொரு முடிக்கும் ஒரு பாம்பு என்று முடிவு செய்தேன். அந்தப் பாம்புகள் ஆபாவிடம் போகாது, கூடப் போன ஆம்பளையிடம்தான் வரும் என்றும் தீர்மானித்தேன். இதை எனக்கு யாரும் ஓதிக்கொடுக்கவில்லை. நரகத்துக்கு நான் சொந்தமாகக் கட்டிய மாடி அது.

அன்றிலிருந்து நடக்கும்போது ஆபாவின் நெற்றியோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். முன்னால் பார்க்காததால் மாட்டின் மேல் மோதினேன், சாக்கடையில் காலை விட்டேன். "ஆபா, இடது பக்கம் நாலு முடி." "ஆபா, காது பக்கம் ஏழு." அவள் பொறுத்துப் பார்த்தாள்.

"டேய், நீ துணைக்கு வரியா, பேன் பாக்க வரியா?"

அவளுக்கென்ன, சிரிப்பாள். பாம்புகள் எனக்கல்லவா!

ஒருநாள் ஆனிக் காற்று அடித்தது. முக்காடு சரிந்து தோளில் விழுந்தது. ஆபாவின் இரண்டு கையிலும் புத்தகம். இன்ஸ்டிட்யூட் தோழி என்னவோ சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தபடி பஜார் முழுக்க அப்படியே நடந்தாள். எண்ணிக்கை நூறைத் தாண்டியதும் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. திரும்பும்போது முத்தவல்லி கூப்பிட்டார். அவர் கேட்பதற்கு முன்பே நான் கொட்டிவிட்டேன்.

"முடி பூரா தெரிஞ்சுது ஜி! பின்னலை முன்னாடி போட்டுகினு சிரிச்சிகினே போனா! ஒருத்தன் பென்சில் குடுத்தான், வாங்கிகினா!"

பென்சில் கொடுத்தவன் எழுபது வயது ஸ்டேஷனரிக் கடைக்காரர் என்பதைச் சொல்ல எனக்கு மூச்சு மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து முத்தவல்லியும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். கோபமாக இல்லை. டீ குடித்தார்கள். "படிக்கட்டும், வேணான்னு சொல்லல. புர்கா போட்டுகினு போகட்டும். நாலு பேரு நாலு விதமா பேசறதுக்கு முன்னாடி நாமளே சரி பண்ணிக்கலாம்" என்றார்கள். பாவா தலையாட்டினார். அரக்கோணத்து மாமுவும் வந்திருந்தார், அவரும் தலையாட்டினார். என்னைக் கூப்பிட்டு நடந்ததை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். ஆபாவின் தலையில் எது இருக்க வேண்டும் என்று அன்றைக்கு எல்லோரும் பேசினோம். ஆபா மட்டும் உள்ளே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இதில் ஒரு சிக்கலை யாரும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு புர்கா.

அது அம்மாவுடையது. கல்யாணத்தன்று போட்டது, இருபத்திரண்டு வருஷமாக அவர் கூடவே வந்தது. கறுப்பு வெளுத்துத் தோள்பட்டையில் காப்பித்தூள் நிறமாகிவிட்டிருந்தது. முகத்துக்கு நேரே வலை வைத்த மடிப்பு. உள்ளே அந்துருண்டையும் வெற்றிலையும் கலந்த வாசனை. சின்ன வயதில் கூட்டத்தைக் கண்டு பயந்தால் நான் அதற்குள் புகுந்துகொள்வேன். அம்மாவுக்கு அது பாரமே இல்லை. சாயங்காலம் அதை மாட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போவார், வியாழக்கிழமை தர்காவுக்குப் போவார், தங்கச்சி வீட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு வருவார். அது இருந்தால் அவருக்கு ஊர் முழுக்க வீடு மாதிரி.

இப்போது நாலு மணிக்கு ஆபா அதை மாட்டிக்கொண்டு போனாள், அம்மா ஜன்னலில் நின்றார். புதிதாக ஒன்று தைக்க வேண்டும் என்று பாவா சொல்லிக்கொண்டே இருந்தார், தைக்கவில்லை. காய்கறி வாங்க என்னை அனுப்பினார்கள். நான் வாத்துக்குப் பயந்து பாதியில் திரும்பி வந்தேன். "அம்மாக்கு இப்பதான் கொஞ்சம் ஓய்வு" என்று பாவா சொன்னார். அப்படித்தான் நானும் நம்பினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குப் பெயர் ஓய்வு இல்லை என்று எனக்குத் தெரிய முப்பது வருஷம் ஆயிற்று.

புர்காவுக்குள் போன ஆபா அழவில்லை. முதல் நாள் வளையல் கடையைத் தாண்டியதும் குனிந்து என் காதில் சொன்னாள்: "டேய், உள்ள இருந்து முத்தவல்லிக்கு நாக்கைத் துருத்திக் காட்டினேன். தெரிஞ்சுதா?"

"ஆபா! பாம்பு!"

"எந்தப் பாம்பு?"

நான் சாக்கடையைப் பார்த்தபடி நடந்தேன்.

சங்கடம் டைப்ரைட்டரில் வந்தது. புர்காவின் மேல்துணி மணிக்கட்டு வரை தொங்கும். ஒரு வரி முடிந்து உருளையைத் தள்ளும்போது, துணியின் ஓரம் காகிதத்தோடு சேர்ந்து உருளைக்குள் போய்விடும். ஆபா அதை இழுப்பாள், காகிதம் கோணலாகும், வேகம் போகும். நான் வாசல் பெஞ்சியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இன்ஸ்டிட்யூட் நடத்திய டீச்சரம்மா, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவர், மூன்றாம் நாள் பொறுமை இழந்தார்.

"இந்தாம்மா, இதக் கயட்டி அந்த ஆணியில மாட்டிட்டு வந்து ஒக்காரு. இல்லன்னா என் மிஷினைத் தொடாத. இந்தக் காலத்துல இன்னா இது கோணிப்பை மாதிரி!"

பத்துப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆபா கழட்டவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. முழங்கைவரை துணியைச் சுருட்டி, இரண்டு ஊக்குக் குத்திக்கொண்டு அடித்தாள். அடிக்க அடிக்க ஊக்கு அவிழ்ந்தது. வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள்:

"ஒருத்தர் போடுங்கறாங்க, ஒருத்தர் கயட்டுங்கறாங்க. நான்தான்டா நடுவுல ஆணி மாதிரி நிக்கறேன்."

ஆடிக் கிருத்திகையன்று காலையில் பரீட்சை, அரக்கோணத்தில். பழகிய மிஷினையே தூக்கிக்கொண்டு போக வேண்டும். வெளியூர்ப் பரீட்சைக்குப் பத்து வயது ஆம்பளை போதாது, அம்மாவும் கூடப் போகட்டும் என்று முத்தவல்லி சொல்லிவிட்டார். எனக்கு அப்படியொரு நிம்மதி! நிம்மதி அரை நாள்தான். இரண்டு பெண்கள், ஒரு புர்கா. அக்கம்பக்கத்தில் இரவல் கேட்க அம்மாவுக்குக் கூச்சம்.

பாவா யோசித்தார். தன் வாழ்நாளிலேயே நீளமான வாக்கியத்தைச் சொன்னார்.

"ரயில் வேணாம். ஜட்காவுல முன்னாடி பின்னாடி திரை கட்டிடறேன். நீ திரைக்குள்ள ஒக்காந்துக்கோ, அவ புர்கா போட்டுக்கட்டும், நேரா பரீட்சை வாசல்ல எறக்கி வுடறேன்."

முகம் மறைக்கும் கோஷாப் பெண்கள் ஏறினால் ஜட்காவின் இரண்டு பக்கமும் திரை கட்டுவது அந்தக் காலத்து வழக்கம். எங்கள் திரை பச்சைத் துணி. பகலில் திரை, மற்ற நேரத்தில் குதிரையின் போர்வை. அதன் வாசனையை எழுத்தில் கொண்டுவர முடியாது, உங்கள் நல்ல நேரம்.

விடிந்ததும் கிளம்பினோம். உள்ளே அம்மா, ஆபா, நடுவில் பழந்துணி சுற்றிய டைப்ரைட்டர். முன்னால் பாவாவோடு நான். பஜாருக்குள் நுழைந்ததும் பாவாவின் திட்டத்தில் இல்லாத ஒன்றைப் பார்த்தோம். ஜனம். மஞ்சள் துணி, மயிற்பீலி, பூக்காவடி, பால்குடம், "அரோகரா!" ஆந்திராவிலிருந்து, சித்தூரிலிருந்து, கனகம்மாசத்திரம் பக்கமிருந்து வந்தவர்கள் எல்லோரும் மலையைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் மட்டும் எதிர்த்திசையில். வருஷா வருஷம் இதே கூட்டத்தை ஏற்றி இறக்கிப் பிழைத்த மனுஷர், அன்றைக்கு மட்டும் அதை மறந்துபோயிருந்தார்.

ஒரு பம்பை மேளம் குதிரையின் காதோரத்தில் முழங்கியது. குதிரை பின்வாங்கியது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் குதிரையும் ஒரே விதமாக உணர்ந்தோம். ஜட்காவின் ஒரு சக்கரம் சாக்கடையில் இறங்க, வண்டி சாய்ந்து, ஆபாவும் டைப்ரைட்டரும் ஒருபக்கம் சரிய, அம்மா திரையை விலக்கிக்கொண்டு தெருவில் வந்து நின்றார்.

புர்கா இல்லாமல், சேலையோடு, கிருத்திகைக் கூட்டத்தின் நடுவில் என் அம்மா.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டார். மொத்தத் திருத்தணியும் தன் முகத்தையே பார்க்கிறது என்று நினைத்தாராம், பின்னாளில் சொன்னார். நான் சுற்றிலும் பார்த்தேன். ஒரு ஆள் பார்க்கவில்லை. காவடிக்காரர் இடித்துவிடாமல் ஒதுங்கிப் போனார். ஒரு கிழவர் "தள்ளிக்கம்மா" என்றார், வேறு யாரையோ பார்த்துக்கொண்டு. எல்லாக் கண்ணும் மலை உச்சியில் இருந்தது.

அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் துணைக்கு ஆம்பளை ஒருவன் இருந்தானே!

என் தலைக்குள் பாம்புகள் புறப்பட்டுவிட்டன. அம்மாவின் தலையில் எத்தனை ஆயிரம் முடி! பின்பக்கத் திரையைப் பிய்த்து எடுத்தேன். "அம்மா!" என்று அலறிக்கொண்டே ஓடி, அதை அவர் தலைக்கு மேல் வீசி, அவரோடு சேர்த்து என்னையும் மூடிக் கட்டிப்பிடித்தேன். கால் தடுக்கியது. இரண்டு பேரும் பச்சைத் துணி மூட்டையாக நடுத்தெருவில் உட்கார்ந்தோம். உள்ளே இருட்டு, குதிரை நாற்றம், அம்மாவின் இதயம் அடிக்கும் சத்தம். அம்மா நடுங்கினார். நானும் நடுங்கினேன். திரையும் சேர்ந்து குலுங்கியது.

அப்போதுதான் கூட்டம் நின்று பார்த்தது.

"அடியே, சாமி வந்துட்டாரு!" என்று ஒரு பெண் கத்தினாள்.

பம்பைக்காரர்கள் ஓடிவந்து எங்கள் தலைமாட்டில் நின்று வேகமாக அடிக்கத் தொடங்கினார்கள். அடிக்க அடிக்க நாங்கள் அதிகமாக நடுங்கினோம். நடுங்க நடுங்க அவர்கள் அதிகமாக அடித்தார்கள். கற்பூர வாசனை வந்தது. யாரோ திரையின் மேல் விபூதியை வீசினார்கள். திரைக்குக் கீழே ஒரு கை நுழைந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டது.

"தாயே, என் பொண்ணுக்கு எப்பம்மா கல்யாணம் ஆவும்? வாயத் தொறந்து சொல்லு தாயே!"

நான் வாயைத் திறந்தேன். "ஆபா" என்றுதான் வந்தது.

"ஆவும்னு சொல்லிடுச்சு சாமி!" அந்தத் தாய்க்கு ஆனந்தம். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்று நான் இன்றுவரை துஆ செய்கிறேன்.

அப்புறம் திரை விலகியது. வெளிச்சத்தில் ஆபா நின்றாள். கூட்டத்தின் நடுவிலேயே ஒரே இழுப்பில் புர்காவைக் கழற்றினாள். "எந்திரிம்மா" என்று அம்மாவின் தலைவழியாக அதை மாட்டி, முகத்திரையை இறக்கி, நாடாவைக் கட்டிவிட்டாள். அம்மாவின் நடுக்கம் அந்த நொடியில் நின்றது. விளக்கை ஊதி அணைத்த மாதிரி. வலைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அப்படியொரு மூச்சை நான் பிறகு ஒரே ஒருமுறைதான் கேட்டேன், என் மகள் பிறந்தபோது பிரசவ வார்டு வாசலில்.

"அட, சாயபு வூட்டு அம்மா! வயி வுடுங்கப்பா, வயி வுடுங்க!" என்று பம்பைக்காரரே வழி செய்தார்.

"நீ எதைப் போட்டுக்குவே?" என்று அம்மா கேட்டார்.

"முக்காடு போதும். ஒனக்கு இது இல்லாம நடக்க வரல. எனக்கு இதோட டைப் அடிக்க வரல. ஜட்கா சாக்கடையில கீது, ரயில்ல போலாம். நேரமாவுது, வா."

பாவா டைப்ரைட்டரைத் தோளில் தூக்கி ஸ்டேஷன் வரை கொண்டுவந்து வைத்துவிட்டு, குதிரையிடம் திரும்பி ஓடினார். மேடையில் நாங்கள் மூன்று பேர். டைப்ரைட்டர் பக்கத்தில், எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி, சேலை முக்காட்டோடு ஆபா. என் தோளைப் பற்றியபடி புர்காவில் அம்மா. அப்போதுதான் பார்த்தேன், முத்தவல்லி வந்துகொண்டிருந்தார். கிருத்திகைக் கூட்டத்தில் கடையில் வளையல் தீர்ந்துபோய், ஆந்திர வண்டியில் வரும் பெட்டிக்காகக் காத்திருந்தாராம்.

வழக்கம்போல் குனிந்த தலை.

"இன்னா பேட்டா, ஆபாவ பரீட்சைக்கு இட்டுகினு போறியா?"

"ஆங் ஜி."

"புர்காவோடதானே?"

போன தடவை நான் வாயைத் திறந்ததால்தான் இத்தனையும். ஆபாவின் முதுகைப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை, ஆனால் முதுகு கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் ரயில் அவளை விட்டுவிட்டுப் போய்விடும். பொய் சொன்னால் பாம்புகள்.

"ஆங் ஜி. புர்காவோட."

போகட்டும், கடிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாஷா அல்லாஹ்" என்றார். நகரப் போனவர் நின்றார். குனிந்த பார்வை என் தோளில் இருந்த கையில் விழுந்திருந்தது. பச்சைக் கண்ணாடி வளையல், அவர் கடையில் அவரே போட்டுவிட்டது.

"பேட்டா" என்றார் மெதுவாக. "இது ரெண்டரைக் கை. உன் ஆபாவுக்கு ரெண்டே கால்."

நான் மெல்ல நகர்ந்து ஒரு பார்சல் மூட்டைக்குப் பின்னால் போய்விட்டேன். ஆண் துணை என்ற பதவியை அந்த நிமிடம் ராஜினாமா செய்தேன்.

அப்போது புர்காவுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அந்நிய ஆண்களோடு அம்மா பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"கை என்னுதுதாங்க. ரெண்டு மாசமா எம் பொண்ணப் பத்தி இந்தப் பையனைக் கேட்டுகினு கீறீங்க. இவன் வாத்தைப் பாத்தாலே ஓடறவன். அவ அதோ நிக்கிறா. கேக்கறதா இருந்தா அவளைக் கேளுங்க."

தூரத்தில் ரயில் சத்தம் கேட்டது. முத்தவல்லி டைப்ரைட்டர் பக்கம் திரும்பி, அதைப் பார்த்தே கேட்டார்.

"ஏம்மா. நீ இன்னா சொல்ற?"

ஆபா இப்போதுதான் திரும்பினாள். கேள்வி புதுசு அல்லவா.

"துணி உருளையில மாட்டுது ஜி. இன்னிக்கு முக்காட்டோட எயுதறேன். நாளைக்குப் போடறதா வேணாமான்னு நாளைக்கு நானே சொல்றேன்."

"முக்காடு நயுவக் கூடாது."

"ஊக்கு குத்திகினு கீறேன் ஜி. நாலு."

வண்டி வந்து நின்றது. டைப்ரைட்டரைத் தூக்க வேண்டிய ஆம்பளை மூட்டைக்குப் பின்னால் இருந்தான். முத்தவல்லி ஒரு முனையைப் பிடித்தார், ஆபா மறுமுனையைப் பிடித்தாள். ஏற்றி வைத்துவிட்டுக் குனிந்த தலையோடு வளையல் பெட்டியைத் தேடிப் போய்விட்டார். அதனால் மனம் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த வெள்ளிக்கிழமையே பாவாவைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். ஒன்று மட்டும் மாறியது. அதன் பிறகு ஆபாவைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை, அவளிடமே கேட்டார். வாரம் தவறாமல். "முன்னாடியே தேவலைடா. இப்ப நான் பதில் வேற சொல்ல வேண்டியிருக்குது" என்று அவள் சலித்துக்கொள்வாள்.

பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். மணி அடித்தது. உள்ளே ஐம்பது மிஷின்கள் ஒரே நேரத்தில் தொடங்கின. தகரக் கூரை மேல் மழை கொட்டுவது மாதிரி. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அம்மா முகத்திரையை ஓரமாக விலக்கி, காதைக் கொடுத்துக் கேட்டார்.

"எதுடா அவளுது?"

"தெர்லம்மா."

"நடுவுல நிக்காம போவுதே, அதான்" என்றார்.

அவள் பாஸ் செய்தாள். நெசவாளர் சங்கத்தில் வேலை கிடைத்தது. மாமு மகனைத்தான் கட்டிக்கொண்டாள், மூன்று வருஷம் கழித்து, தானே தேதி சொல்லி. புர்கா? சில வருஷம் போட்டாள், சில வருஷம் போடவில்லை. ஏன் என்று கேட்டால் "தோணிச்சு" என்பாள். அம்மா கடைசி வரை போட்டார். இரண்டாவது புர்கா தைத்த பிறகும் அந்தப் பழையதையே போட்டார்.

இப்போது போன வருஷத்துக்கு வருகிறேன். என் மகள் சென்னையில் கல்லூரி. விடுமுறைக்கு வந்தவள் தலையில் ஹிஜாப். எங்கள் வீட்டில் யாரும் போடச் சொல்லவில்லை. கதவைத் திறந்தவன் நான். பஸ்ஸில் யாராவது ஏதாவது சொல்வார்களா, இன்டர்வியூவில் ஒரு மாதிரி பார்ப்பார்களா, பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள்? அத்தனை பாம்பும் ஐம்பது வருஷத் தூக்கம் கலைந்து எழுந்தன, இந்த முறை எதிர்த்திசையில். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை அவள், "அதக் கயட்டும்மா முதல்ல" என்று தொடங்கி அரை மணி நேரம் பேசினேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேலூரில் இருக்கும் ஆபாவுக்குப் போன் போட்டுக் கொட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

"அவளக் கேட்டியாடா?"

"இன்னாத்த கேக்கறது? நான்தான் சொல்லிட்டேனே!"

சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"ஒரு கையில போன் கீது. இன்னொரு கையில இன்னா கீது?"

பார்த்தேன். "ஒண்ணும் இல்ல ஆபா."

"நல்லா பாரு. ஜட்காத் திரை இருக்கும். கீய போட்டுட்டுப் போய்க் கதவைத் தட்டு."

போனை வைத்துவிட்டு மகளின் அறை வாசலில் போய் நின்றேன். உள்ளே அவள் நடக்கும் சத்தம் கேட்டது. என்ன சொல்வாளோ என்று தெரியவில்லை. வாத்து, குரங்கு, குதிரை, பம்பை மேளம் எல்லாவற்றையும்விட அந்த மூடிய கதவு பயமாக இருந்தது.

தட்டினேன்.